நின்றுபோன அறிவியல் புனைவுத் தொடர்களும் விடை கிடைக்காத கேள்விகளும்

தொலைக்காட்சித் தொடர் ஒன்று தன் கதை முடிவதற்கு முன்பே ஒளிபரப்பு நிறுவனத்தால் நிறுத்தப்படுவது அத்துறையில் வழக்கமான நிகழ்வு. எல்லா வகைத் தொடர்களுக்கும் இது நேர்கிறது. ஆனால் அறிவியல் புனைவுத் தொடர் நின்றுபோகும்போது பார்வையாளரிடம் எஞ்சும் கேள்விகள் மிகுதி. குடும்பக் கதை பாதியில் நின்றால், மகள் மணம் முடித்திருப்பாள், அண்ணன் தம்பி சேர்ந்திருப்பார்கள் என்று பார்ப்பவரே ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கதையின் உலகம் அவருக்குத் தெரிந்த உலகம். அறிவியல் புனைவில் உலகமே ஆசிரியர் படைத்தது. அதன் விதிகள் சிறிது சிறிதாகத்தான் வெளிப்படும். பாதி விதிகள் வெளிப்படும் முன் கதை நின்றால், மீதியை ஊகிக்கப் பார்வையாளரிடம் அளவுகோல் இருக்காது.

1960களிலிருந்து இன்றுவரை இத்தகைய கேள்விகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும், தமிழ் வார இதழ்களின் தொடர்கதை மரபில் இதே சிக்கல் எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடர் நிறுத்தப்படுவதற்கான காரணங்கள்

அமெரிக்கத் தனியார் தொலைக்காட்சி விளம்பர வருவாயில் இயங்குகிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கைக் கொண்டே விளம்பரக் கட்டணம் முடிவாகிறது. அறிவியல் புனைவுத் தொடருக்கு விண்கலம், வேற்றுலகம், ஒப்பனை, தந்திரக் காட்சிகள் எனச் செலவு அதிகம். ஆகவே சாதாரணத் தொடரைக் காப்பாற்றப் போதுமான பார்வையாளர் எண்ணிக்கை இதற்குப் போதாமல் போகிறது.

கதை அமைப்பும் ஒரு காரணம். ஒரு பருவத்தின் கடைசிப் பகுதியைப் பெரும் ஆபத்தில் நிறுத்தினால் அடுத்த பருவத்துக்குப் பார்வையாளர் திரும்பி வருவர் என்பது எழுத்தாளர்களின் கணக்கு. அடுத்த பருவம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அப்பகுதி படமாக்கப்பட்ட பின்னரே தெரியும். கிடைக்காவிட்டால் அந்த ஆபத்தே கதையின் முடிவாகிவிடுகிறது. நிறுத்தம் அறிவிக்கப்பட்டதும் நடிகர்கள் வேறு ஒப்பந்தங்களுக்குச் செல்கின்றனர், அரங்குகள் பிரிக்கப்படுகின்றன. பின்னர் நிறுவனமே மனம் மாறினாலும் எல்லாரையும் மீண்டும் கூட்டுவது எளிதாக இருப்பதில்லை.

ஸ்டார் ட்ரெக்: கடிதங்கள் காத்த தொடர்

நிறுத்தத்தை எதிர்த்துப் பார்வையாளர் திரண்ட நிகழ்வுகளுள் மிகவும் அறியப்பட்டது ஸ்டார் ட்ரெக் தொடருக்கானது. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இத்தொடர் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கியது. எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தின் ஐந்தாண்டுப் பயணம் என்பது இதன் அடிப்படை. இரண்டாம் பருவத்தின்போதே தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியது. பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதியர் கடிதம் எழுதும் இயக்கத்தை ஒருங்கிணைத்தனர். 1968 ஜனவரியில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் பர்பாங்கிலிருந்த என்.பி.சி. வளாகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும் என்று நிறுவனம் ஒளிபரப்பின் இடையிலேயே அறிவித்தது.

மூன்றாம் பருவம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது. இளைஞர்கள் வெளியே செல்லும் அந்த நேரத்தில் பார்வையாளர் குறைந்தனர். 79 பகுதிகளோடு 1969 ஜூன் 3 அன்று தொடர் நின்றது. ஐந்தாண்டுப் பயணம் மூன்றாம் ஆண்டிலேயே முடிந்தது. ஆயினும் உள்ளூர் நிலையங்கள் நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்ய 79 பகுதிகள் போதுமானவையாக இருந்தன. 1970களில் அம்மறுஒளிபரப்பே புதிய தலைமுறை ரசிகர்களை உருவாக்கியது. 1973இல் அசைவூட்டத் தொடரும் 1979இல் திரைப்படமும் வந்தன. ரசிகர்களின் கடிதங்களால் நாசாவின் முதல் விண்ணோடச் சோதனைக் கலத்துக்கு 1976இல் எண்டர்பிரைஸ் என்று பெயர் வைக்கப்பட்டது.

ஸ்டார் ட்ரெக்கின் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் தனிக்கதை. எனவே தொடர் நின்றபோது பார்வையாளர் இழந்தது வருங்காலப் பயணங்களை மட்டுமே. ஒரே கதையைப் பருவக்கணக்கில் நீட்டிச் சொல்லும் முறை பரவிய பிறகுதான் விடை கிடைக்காத கேள்விகள் பெருஞ்சிக்கலாயின.

தாமதமாகக் கிடைத்த விடைகள்

நின்றுபோன தொடர்களில் சில, வேறு வடிவத்தில் தம் முடிவைப் பெற்றன. பூமியில் குடியேறிய வேற்றுலகத்தாரைப் பற்றிய ஏலியன் நேஷன் தொடர் பாக்ஸ் தொலைக்காட்சியில் ஒரே பருவத்தோடு 1990இல் நின்றது. கடைசிப் பகுதியில் தொங்கலில் விடப்பட்ட கதை 1994இல் தொலைக்காட்சித் திரைப்படமாக முடிக்கப்பட்டது. பார்வையாளர் நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். பார்ஸ்கேப் தொடரின் கடைசிப் பகுதியில் நாயகனும் நாயகியும் வேற்றுலகத்தாரின் ஆயுதத்தால் துகள்களாகச் சிதறும் காட்சியோடு 2003இல் ஒளிபரப்பு முடிந்தது. 2004இல் வந்த குறுந்தொடர் அவர்களை மீட்டுக் கதையை நிறைவு செய்தது.

இவ்வகையில் அதிகம் பேசப்படுவது ஃபயர்ஃப்ளை. ஜாஸ் வீடன் உருவாக்கிய இத்தொடர் 2002 செப்டம்பர் 20 அன்று பாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. படமாக்கப்பட்ட 14 பகுதிகளில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் முதல் பகுதி கடைசியாக, டிசம்பர் 20 அன்று காட்டப்பட்டது. தொடரைப் பார்த்து முடித்தவர்களிடம் பல கேள்விகள் எஞ்சின. ரிவர் என்ற பெண்ணின் மூளையில் அரசு என்ன செய்தது? மனிதரை வேட்டையாடும் ரீவர்கள் எங்கிருந்து வந்தனர்? போதகர் புக் துறவு பூணுவதற்கு முன் யாராக இருந்தார்? இனாராவின் பெட்டியில் இருந்த ஊசி எதற்கு?

குறுந்தகடு விற்பனையும் ரசிகர் ஆதரவும் 2005இல் செரினிட்டி என்ற திரைப்படத்துக்கு வழிவகுத்தன. முதல் இரு கேள்விகளுக்கும் அப்படம் விடை சொன்னது. போதகர் தம் கதையைச் சொல்லாமலே அப்படத்தில் இறந்தார். அவருடைய முற்கால வாழ்க்கை 2010இல் ஒரு சித்திரக்கதைப் புத்தகமாக வெளிவந்தது. ஊசியின் மர்மம் திரையில் விளக்கப்படவில்லை. ஒரே தொடரின் நான்கு கேள்விகளில் இரண்டுக்குத் திரைப்படத்திலும் ஒன்றுக்கு அச்சிலும் விடை கிடைத்து, ஒன்று விடையின்றி நின்றது.

ஜெரிகோ தொடரின் நிகழ்வு வேடிக்கையானது. அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின் ஒரு சிற்றூர் பிழைத்திருப்பதைச் சொன்ன இத்தொடரை சி.பி.எஸ். நிறுவனம் 2007இல் நிறுத்தியது. பருவத்தின் கடைசிப் பகுதியில் சரணடையச் சொன்ன எதிரிகளுக்கு நாயகன் சொன்ன மறுமொழி ஓர் ஆங்கிலச் சொல். கொட்டை, கடலை ஆகியவற்றைக் குறிக்கும் அச்சொல் பேச்சு வழக்கில் ஏளன மறுப்பும் ஆகும். ரசிகர்கள் அதையே பிடித்துக்கொண்டு நிறுவன அலுவலகத்துக்கு நிலக்கடலை மூட்டைகளை அனுப்பினர். சேர்ந்த கடலை ஏறத்தாழ 20 டன். நிறுவனம் இறங்கிவந்து மேலும் 7 பகுதிகளுக்கு இசைந்தது.

ஒரே வரியில் முடிந்தவையும் முடியாதவையும்

குவாண்டம் லீப் தொடரில் சாம் பெக்கெட் என்ற அறிவியலாளர் காலத்தில் தாவி, வெவ்வேறு மனிதரின் உடல்களில் புகுந்து, அவர்களின் வாழ்வைத் திருத்துகிறார். ஒவ்வொரு தாவலின்போதும் அடுத்தது தம் வீடாக இருக்குமென நம்புகிறார். ஐந்து பருவங்கள் பார்வையாளரும் அதே நம்பிக்கையோடு இருந்தனர். 1993 மே மாதம் கடைசிப் பகுதி முடிந்ததும் கறுப்புத் திரையில், அவர் வீடு திரும்பவே இல்லை என்று ஒரு வரி மட்டும் தோன்றியது. அவருடைய பெயரே அதில் எழுத்துப்பிழையோடு இருந்தது.

ஃப்ளாஷ்ஃபார்வர்ட் (2009–2010) தொடருக்கு அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை. உலக மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் 137 நொடிகள் நினைவிழந்து, தம் எதிர்காலத்தைக் காண்கின்றனர். யார் இதைச் செய்தார், ஏன் செய்தார் என்ற தேடலே கதை. 22ஆம் பகுதியின் முடிவில் இரண்டாம் முறை நினைவிழப்பு நேர்ந்தது. தொடர் அத்தோடு நின்றது. ஸ்டார்கேட் யூனிவர்ஸ் தொடரின் கடைசிக் காட்சியில் (2011) கலத்தில் உள்ள அனைவரும் நெடுந்தூக்கத்தில் ஆழ, ஈலை என்ற இளைஞன் மட்டும் பழுதான பெட்டியைச் சரிசெய்ய விழித்திருக்கிறான். அவனுக்கு இருப்பது இரு வாரக் காலம். அவன் வென்றானா என்பதைத் தொலைக்காட்சி சொல்லவில்லை.

முடிவை முன்பே படமாக்கிய ஆசிரியர்

இந்த ஆபத்தை முன்னுணர்ந்து செயல்பட்டவர் பாபிலான் 5 தொடரின் ஆசிரியர் ஜெ. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி. தொடங்கும்போதே ஐந்து பருவக் கதையை அவர் திட்டமிட்டிருந்தார். நான்காம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற நிலை வந்தபோது, முக்கியச் சிக்கல்களை அப்பருவத்துக்குள் முடித்து, கதையின் இறுதிப் பகுதியையும் படமாக்கிவிட்டார். பின்னர் வேறொரு தொலைக்காட்சி ஐந்தாம் பருவத்தை ஏற்றது. படமாக்கிய இறுதிப் பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டு, நான்காம் பருவத்துக்கு வேறு முடிவு எழுதப்பட்டது. ஒதுக்கி வைத்த பகுதி 1998 நவம்பரில் ஒளிபரப்பானது. ஐந்தாம் பருவத்துக்கெனச் சேமித்திருந்த நிகழ்வுகள் நான்காம் பருவத்திலேயே செலவாகிவிட்டதால் அப்பருவம் தளர்ந்திருப்பதாகப் பலர் கருதுகின்றனர். முடிவைக் காப்பதற்கும் ஒரு விலை இருந்தது.

இந்தியாவில் பார்வையாளர் கேட்ட தொடர்ச்சி

இந்தியத் தொலைக்காட்சியில் தொடர்ச்சி கேட்டு மக்கள் போராடிய பெரும் நிகழ்வு இதிகாசத் தொடர் ஒன்றுக்காக நடந்தது. ராமானந்த் சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஒளிபரப்பாகி, இராமர் பட்டாபிஷேகத்தோடு நின்றது. உத்தர காண்டம் இடம்பெறவில்லை. வால்மீகியைத் தம் முன்னோராகவும் குருவாகவும் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள், சீதையும் லவ குசர்களும் வால்மீகியின் ஆசிரமத்தில் வாழும் பகுதி காட்டப்பட வேண்டும் என்று பஞ்சாபின் ஜலந்தரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. அதன் பின் உத்தர ராமாயணம் தனித் தொடராக வந்தது.

அனைவருக்கும் முடிவு தெரிந்த கதை அது. ஆகவே இப்போராட்டத்தை வெறும் ஆவலாகக் கொள்ள முடியாது. கதை எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து யார் அதற்குள் வருகிறார், யார் விடுபடுகிறார் என்பது அமைகிறது. தொழிலாளர்கள் எழுப்பிய கேள்வி அதுவே.

தமிழ்த் தொடர்கதை மரபில்

தமிழில் தொலைக்காட்சிக்கு முன்பே வாரந்தோறும் காத்திருக்கும் பழக்கத்தை உருவாக்கியவை வார இதழ்களின் தொடர்கதைகள். தமிழ் அறிவியல் புனைவும் பெரும்பாலும் அவ்வழியே வந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் ஆனது. 2021ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்ட இக்கதையில் ஜீனோ என்ற இயந்திர நாய் வாசகரைப் பெரிதும் கவர்ந்தது. அதன் கதை ‘மீண்டும் ஜீனோ’ என்ற அடுத்த தொடரில் தொடர்ந்தது.

அதே சுஜாதாவின் மற்றொரு தொடர் பாதியில் நின்றது. 1857 சிப்பாய்ப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்டு குமுதத்தில் தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பின் காரணமாகச் சில வாரங்களில் நிறுத்தப்பட்டது. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் அவரே அதை மாற்றி எழுதி முடித்தார்.

கல்கியின் இரு நாவல்கள் இதில் ஒப்பிடத்தக்கவை. ‘அமர தாரா’ கல்கி இதழில் வந்துகொண்டிருந்தபோது 1954 டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார். தந்தை விட்டுச்சென்ற குறிப்புகளின் துணையோடு அவர் மகள் ஆனந்தி அந்நாவலை எழுதி முடித்தார். ஆசிரியர் இல்லாதபோதும் கதை முடிவை அடைந்தது.

‘பொன்னியின் செல்வன்’ இதற்கு நேர்மாறானது. 1950 முதல் 1954 வரை வெளிவந்த அந்நாவலை ஆசிரியரே திட்டமிட்டு முடித்தார். ஆயினும் கதை திடீரென முடிந்ததாக வாசகர்கள் எழுதினர். கல்கி முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வு பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்ற முதன்மைக் கேள்வியை மட்டும் நாவலுக்குள் ஐயத்துக்கு இடமாகவே விட்டுவைத்தார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அக்கொலையில் தொடர்புடையவர்களாக சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய, அவர்களைச் சார்ந்தவர்களுடைய நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டதைச் சொல்கிறது. அக்கொலைக்குத் தூண்டியவர் யார் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. கல்கி விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ நாவலை எழுதினார்.

கேள்விகளின் வகைகள்

மேற்கண்ட நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு தொடரைப் பார்த்து முடித்தபின் எஞ்சும் கேள்விகள் மூன்று வகைப்படுவதைக் காணலாம்.

முதலாவது, ஆசிரியர் விடை அறிந்திருந்தும் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத கேள்வி. போதகர் புக்கின் கடந்தகாலம் இவ்வகை. இதற்குத் திரைப்படமோ புத்தகமோ பேட்டியோ பிற்காலத்தில் விடை தரக்கூடும்.

இரண்டாவது, ஆசிரியரே விடையை இன்னும் உருவாக்காத கேள்வி. அடுத்த பருவம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று போடப்பட்ட முடிச்சு இது. இதற்கு விடை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. பழைய பகுதிகளை எத்தனை முறை பார்த்தாலும் கிடைக்காது.

மூன்றாவது, ஆசிரியர் வேண்டுமென்றே திறந்து விட்ட கேள்வி. கரிகாலன் கொலை இவ்வகை. வாசகர் தம் அறிவுக்கேற்ப முடிவு செய்யும் உரிமை அதில் தரப்படுகிறது.

முழுமை பெற்ற கதையிலும் விடையில்லாக் கேள்விகள் இருக்கலாம் என்பதை மூன்றாம் வகை காட்டுகிறது. எனவே நிறுத்தப்பட்ட தொடரில் உண்மையில் பறிபோவது, எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கும் ஆசிரியரின் உரிமை. ‘பொன்னியின் செல்வ’னில் மௌனம் கல்கியுடையது. ஃப்ளாஷ்ஃபார்வர்டில் அது வணிகக் கணக்கு உண்டாக்கியது. பார்வையாளர் முதலாவதை ஏற்று விவாதிப்பதும் இரண்டாவதை எதிர்த்துக் கடிதம் எழுதுவதும் இவ்வேறுபாட்டால்தான்.

இணையவழி ஒளிபரப்புக் காலம்

நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையவழித் தளங்கள் வந்தபின் விளம்பரக் கணக்கின் பிடி தளரும் என்று பலர் எதிர்பார்த்தனர். நிறுத்தங்கள் குறையவில்லை. வெவ்வேறு நாடுகளில் வாழும் எட்டுப் பேரின் மனங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைச் சொன்ன சென்ஸ்8 தொடரில் மும்பையைச் சேர்ந்த மருந்து வேதியியலாளர் கலா முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவர். டீனா தேசாய் அதில் நடித்தார். முக்கியப் பாத்திரம் எதிரியிடம் சிறைப்பட்ட நிலையில் தொடர் 2017 ஜூன் 1 அன்று நிறுத்தப்பட்டது. உலகெங்கிலும் இருந்து எழுந்த எதிர்ப்பால் அம்மாத இறுதியிலேயே சிறப்பு இறுதிப் பகுதி அறிவிக்கப்பட்டு, 2018 ஜூன் 8 அன்று வெளியானது. எல்லாத் தொடர்களுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. மூன்று பருவங்களாகத் திட்டமிடப்பட்ட 1899 என்ற ஜெர்மானியத் தொடர் ஒரே பருவத்தோடு 2023 ஜனவரியில் நின்றது.

வெஸ்ட்வேர்ல்டு தொடரின் நிலை மேலும் ஒரு படி சென்றது. எச்.பி.ஓ. நிறுவனம் நான்கு பருவங்களுக்குப் பின் 2022 நவம்பரில் அதை நிறுத்தியது. அடுத்த மாதமே தன் இணையத் தளத்திலிருந்து தொடர் முழுவதையும் நீக்கியது. ஸ்டார் ட்ரெக்கைக் காப்பாற்றியது மறுஒளிபரப்பு, ஃபயர்ஃப்ளையைக் காப்பாற்றியது குறுந்தகடு. தளத்தில் மட்டுமே உள்ள தொடர் அங்கிருந்து நீக்கப்பட்டால் புதிய பார்வையாளர் வர வழியில்லை. கேள்வியை நினைவில் வைத்திருப்போரும் நாளடைவில் குறைந்துவிடுவர்.

முடிவைக் காணும் உரிமை

கதையின் முடிவைக் காண வேண்டும் என்ற விருப்பத்துக்குத் தமிழ் மரபில் மிகப் பழைய வடிவம் ஒன்று உண்டு. நைனார்பாளையம், கல்வராயன் மலை ஆகியவற்றை உள்ளடக்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் உள்ளது. ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கையர் பெருந்திரளாகக் கூடும் அக்கோயிலின் தெய்வம் அரவான். பாரதப் போர் தொடங்கும் முன்பே பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியானவன் அவன். பலிக்கு இசைந்தபோது அவன் கேட்ட வரங்களில் ஒன்று, 18 நாள் போரையும் இறுதிவரை பார்க்க வேண்டும் என்பது. வெட்டுண்ட தலை கண் மூடாமல் போர்க்களத்தைப் பார்த்திருந்ததாக மக்கள் வழக்கு சொல்கிறது.

அவ்வட்டாரத்துப் பாரதக் கூத்துகளும் இரவுக்கு ஒரு பகுதியாக நடந்து, துரியோதனன் படுகளத்தில் முடிகின்றன. பார்க்க வந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். ஆயினும் படுகளம் நடக்காமல் விழா நிறைவு பெறுவதில்லை. ஊர் கூடிச் செலவிட்டு நடத்தும் கூத்தில் முடிவு ஊருக்குச் சொந்தம். நிறுவனம் செலவிட்டு நடத்தும் தொடரில் முடிவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1968இன் கடிதங்களும், 2007இன் கடலை மூட்டைகளும், 1988இன் ஜலந்தர் வேலைநிறுத்தமும் அந்த உரிமையில் பார்வையாளருக்கும் பங்கு கேட்ட முயற்சிகள். அவற்றில் சில வென்றன. வெல்லாத தொடர்களின் கேள்விகளை இன்று சுமந்திருப்போர் அவற்றைப் பார்த்து முடித்தவர்களே.